ஒரு தோட்டா போதும்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்குப் பெரிய மரியாதை கிடையாது. பிள்ளைகள் பழகுவதற்கு வாங்கித் தருவது, மாட்டுக்கொட்டகை மூலையில் சாத்தி வைப்பது, அடகுக்கடையின் கடைசி வரிசையில் தூசி படிந்து நிற்பது என்றுதான் அதைப் பற்றிய பேச்சு இருக்கும். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முன்கட்டையை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் துப்பாக்கிக்கோ, அதைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோமேட்டிக்குக்கோ மாறிவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. எல்லா வகையையும் வைத்துப் பழகிய பின்னும் என் கை தேடிப் போவது ஒற்றைக்குழலைத்தான். அதைப் பழம்பாசம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, காரணம் சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன். ஒரு முறை சுட்டால் தீர்ந்தது என்பதைத்தான் எல்லோரும் அதன் குறையாகச் சொல்கிறார்கள். அதை வைத்திருப்பதில் உள்ள சுகமும், அதற்கு உள்ள தகுதியும் அந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன என்பது என் கட்சி.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தத் துப்பாக்கி முன்பின் தெரியாத பொருள் அல்ல. வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலரின் கையில் இருப்பது பெரும்பாலும் 12 போர் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்கி, தேர்தல் வந்தால் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டிய பொருள் அது. ஆசைக்காக ஒருவர் அதை வைத்திருப்பது நம் ஊரில் அரிது. ஆகவே அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரைஃபிளின் குழலுக்குள் சுருள் வரிகள் இருக்கும், இதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவுக்குள் ஒரு குண்டுக்குப் பதில் ஈய ரவைகள் அடைத்திருக்கும். பறவை சுடவும், விளையாட்டாகப் பறக்கவிடும் தட்டைச் சுடவும் பயன்படும் 12 போர் தோட்டா ஒன்றில் 32 கிராம் அளவுக்கு ஏழரை எண் ரவை போட்டால் ஏறக்குறைய 390 ரவைகள் பிடிக்கும். 12 என்ற எண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு: குழலின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால்தான் 20 போர் குழல் 12 போரைவிடச் சிறியது. தாழை அழுத்தினால் குழல் ஒரு கீலில் மடிந்து வாய் திறக்கும். தோட்டாவைக் கையால் வைத்து மூட வேண்டும். குதிரை என்னும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, விசையை இழுத்தால் அது ஊசியை அடித்துத் தோட்டா வெடிக்கும். மறுபடி திறந்தால் காலி உறை வெளியே வரும். இயக்கம் முழுவதும் இவ்வளவுதான். கழற்றினால் குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்று துண்டுகள்.

இந்த எளிமைதான் அதை அமெரிக்க நாட்டுப்புறம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெயர் பெற்ற தொழிற்சாலைகளில் பல மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாமல் இருந்தன: வூஸ்டரில் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், ஃபிட்ச்பர்க்கில் ஐவர் ஜான்சன், சிக்கோப்பி ஃபால்ஸில் ஸ்டீவன்ஸ். அங்கே செய்த அதே துப்பாக்கியை வன்பொருள் கடைகளும் அஞ்சல்வழி வணிக நிறுவனங்களும் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. சியர்ஸ் நிறுவனத்தின் தடித்த விலைப்பட்டியலில் தையல் இயந்திரத்துக்கும் கலப்பைக்கும் இடையே இதுவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் விலை பத்து டாலருக்கும் கீழே. பெருமந்தக் காலத்தின் நடுவில், 1936-இல், வின்செஸ்டர் நிறுவனம் மாடல் 37 என்ற ஒற்றைக்குழலைக் கொண்டுவந்தது. 1963-இல் நிறுத்துவதற்குள் அதில் பத்து லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். ஒன்றுக்குக்கூட வரிசை எண் கிடையாது. சாதாரணத் துப்பாக்கிகளுக்கு எண் போட வேண்டும் என்ற கட்டாயம் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடுதான் வந்தது. அதே சட்டம்தான் அஞ்சலில் துப்பாக்கி வரவழைக்கும் பழக்கத்துக்கும் முடிவு கட்டியது. எண்கூட இல்லாமல் பத்து லட்சம் துப்பாக்கி விற்றார்கள் என்று இன்று நினைத்தால் எனக்கே நெருடுகிறது. ஆனால் அன்று அதை வாங்கியவர் அதைக் கோடாரியோடும் மண்வெட்டியோடும் சேர்த்துத்தான் எண்ணினார். கோழிக்கூட்டை வளைய வரும் நரிக்கும், ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு ஒரு முயலுக்கும் அது போதுமானதாக இருந்தது.

பழைய துப்பாக்கி எப்படிப் பயன்பட்டது என்று அதையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் கையில் எடுத்துப் பார்த்த பழைய ஒற்றைக்குழல்களில் தேய்மானம் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இருக்கும். குழலும் கட்டையும் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு கையால் தூக்கினால் எடை சமமாக நிற்கும் புள்ளியில், கருநீலப் பூச்சு உரிந்து வெள்ளை எஃகு தெரியும். மரக்கட்டையின் கழுத்தில் விரிசல், அதன்மேல் கம்பிச் சுற்றோ ஒட்டுப்பட்டையோ. அடிப்பாகம் தரையில் ஊன்றி ஊன்றி மழுங்கியிருக்கும். ஆனால் குழலை மூடி ஆட்டிப் பார்த்தால் கீல் இன்னும் இறுக்கமாக இருக்கும். குழலின் உட்புறம் பெரும்பாலும் கண்ணாடிபோல இருக்கும், துடைக்காமல் விட்டதால் வந்த அரிப்பு சிலவற்றில் உண்டு. இதற்கு என்ன பொருள்? அது ஏராளமாகத் தூக்கி நடக்கப்பட்டது, கொஞ்சமாகத்தான் சுடப்பட்டது. தோட்டாவுக்குக் காசு கொடுக்க யோசித்தவர்களின் துப்பாக்கி அது. ஒரு பெட்டி 25 தோட்டாக்கள் ஒரு பருவம் முழுவதும் வர வேண்டும் என்று கணக்குப் பார்த்தவர்கள், சுடுவதற்கு முன்னால் கிட்டே போனார்கள், காத்திருந்தார்கள், பல நேரம் சுடாமலே திரும்பினார்கள். இன்று துப்பாக்கி விளம்பரங்கள் நிமிடத்துக்கு எத்தனை என்று பேசுகின்றன. அந்த மனநிலையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் ஒரு பழக்கம் அந்த எஃகில் பதிந்து கிடக்கிறது.

வறுமை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை, வறுமை இல்லாதவனுக்கு இந்தத் துப்பாக்கியின் அமைப்பே கற்றுக்கொடுக்கிறது. பறக்கும் இலக்கைச் சுடுகிறவர் செய்யும் பெரும்பிழை அவசரம். பறவை எழுந்த சத்தத்திலேயே துப்பாக்கி தோளுக்கு வந்துவிடும், கன்னம் கட்டையில் படிவதற்குள் விரல் விசையை இழுத்துவிடும். பின்னால் இன்னும் இரண்டு தோட்டா இருக்கிறது என்ற தைரியம் இந்த அவசரத்துக்குத் தீனி போடுகிறது. முதல் வெடி வீண், இரண்டாவது அந்த முதல் வெடியின் அதிர்விலிருந்து மீள்வதற்குள் வீண், மூன்றாவது கோபத்தில். பறவை எல்லை தாண்டிப் போயிருக்கும். ஒற்றைக்குழலில் இந்த ஓட்டத்துக்கு இடமே இல்லை. இலக்கின் பின்னாலிருந்து அதன் பாதையிலேயே குழலை ஓட்டிக்கொண்டு வந்து, தாண்டி, வெடித்த பிறகும் ஓட்டத்தை நிறுத்தாமல் இருப்பதுதான் நல்ல சுடுதலின் அடிப்படை. எதிர்பார்க்க அடுத்த தோட்டா இல்லாதபோது அந்த ஓட்டம் தானாக முழுமையடைகிறது. தவறினாலும் அது சுத்தமான தவறு: எங்கே பிசகியது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் செய்வதற்கு வேறு வேலை இல்லை. திறக்க வேண்டும், சூடான காலி உறையை எடுத்துப் பையில் போட வேண்டும், புதிதாக ஒன்று வைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கப்படுகிறது. இதை ரசனை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கூடவே இன்னொரு எளிய இன்பமும் உண்டு. மூன்று கிலோவுக்கும் குறைவான எடை. பின்னால் நீளமான இயந்திரப் பெட்டி இல்லாததால், அதே நீளக் குழல் உள்ள பம்பைவிட மொத்தத்தில் நாலு விரற்கடையாவது குட்டை. முட்புதருக்குள் காலையிலிருந்து மாலைவரை தூக்கி நடக்கிறவருக்கு இது புள்ளிவிவரமல்ல, தோள்பட்டை அறிந்த உண்மை.

தோட்டாவின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது என்பது என் தனிப்பட்ட விசித்திரக் கொள்கையும் அல்ல. அமெரிக்கா தன் பறவைகளை இழந்து பார்த்த பிறகுதான் அந்தப் பாடத்தைச் சட்டமாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சந்தைக்காகப் பறவைகளைக் கொன்று குவித்தவர்கள் வாத்துக் கூட்டங்களை வண்டி வண்டியாக நகரங்களுக்கு அனுப்பினார்கள். வானத்தை மறைத்த பயணப் புறாவின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் செத்தது. 1918-இல் வலசைப் பறவைகளுக்கான ஒப்பந்தச் சட்டம் வந்தது. 1930-களின் வறட்சியில் வாத்துகள் மேலும் சரிந்தபோது, 1935-இல் மத்திய அரசு ஒரு விதி போட்டது: வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கிக்குள் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தும் ஆறும் கொள்ளும் துப்பாக்கிகளுக்குள் மரக்குச்சியைச் செருகி இடத்தை அடைத்துக்கொள்ளும் வழக்கம் அன்று தொடங்கியது, இன்றும் தொடர்கிறது. இயந்திரத்தைப் பெரிதாகச் செய்துவிட்டு, பிறகு அதைக் குச்சி போட்டுச் சிறிதாக்குகிறோம். ஒற்றைக்குழல்காரருக்கு அந்தக் குச்சி தேவைப்பட்டதே இல்லை.

சரி, இதெல்லாம் ஏழையின் துப்பாக்கிக்குப் பூசப்படும் சாயம் என்று ஒருவர் சொல்லலாம். வசதி இருந்தால் எவரும் இரண்டு குழல்தான் வாங்குவார், ஒன்றோடு நிற்பதற்குக் காரணம் காசுதான் என்பது வழக்கமான வாதம். இதற்கு மிகச் சரியான பதில் ட்ராப் மைதானத்தில் இருக்கிறது. அமெரிக்க ட்ராப் ஆட்டத்தில் தரையோடு தாழ்ந்திருக்கும் ஒரு பெட்டிக்குள்ளிருந்து தார்ப்பசையும் சுண்ணாம்புத்தூளும் கலந்து செய்த தட்டு ஒன்று முன்னோக்கிப் பறக்கும். சுடுபவர் அதற்கு 16 கெஜம் பின்னால் நிற்பார். ஐந்து இடங்களில் ஐந்து ஐந்தாக, ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். தட்டு ஒன்றுக்கு ஒரே ஒரு தோட்டா. ஒன்று தவறினால் அது தவறியதுதான், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. பின்னால் போகப் போகக் கடினமாகும் ஹேண்டிகேப் ஆட்டத்தில் 27 கெஜம்வரை தள்ளி நிறுத்துவார்கள், அங்கேயும் ஒன்றுதான். ஆட்டமே ஒரு தோட்டாவை மட்டும் கேட்கும்போது, காசுக்குப் பஞ்சமில்லாதவர்கள் என்ன வாங்கினார்கள்? ஒற்றைக்குழலைத்தான். கனெக்டிகட்டின் பார்க்கர் நிறுவனம் ட்ராப்புக்கென்றே ஒற்றைக்குழல் செய்தது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நிறுவனம் 1914-இலிருந்து அத்தகைய துப்பாக்கிகளைச் செய்தது, அவற்றில் மிக உயர்ந்த ரகத்துக்கு ஜான் ஃபிலிப் சூசாவின் பெயரையே வைத்தது. ராணுவ அணிவகுப்பு இசையால் உலகப் புகழ் பெற்ற அதே சூசாதான். வாத்தியக் குழுவோடு ஊர் ஊராகப் போன நேரம் போக மீதி நேரத்தில் தட்டு சுடுவதில் வெறியராக இருந்தவர் அவர், ட்ராப் அமைப்பு ஒன்றின் தலைவராகவும் இருந்தார். பின்னாளில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா ஊரில் லூட்டிக் குடும்பம் செய்த மோனோ கன், இத்தாலியின் பெரட்ஸி, ஜெர்மனியின் கிரீக்காஃப் ஆகியவை ஆயிரக்கணக்கான டாலர்களுக்குப் போயின. 1960-களின் இறுதியில் வந்த ப்ரௌனிங் பி.டி.-99 கொஞ்சம் எட்டக்கூடிய விலையில் அதே காரியத்தைச் செய்தது, இன்றும் செய்கிறது. ஒன்று மட்டுமே என்ற கட்டுப்பாட்டைப் பணக்காரர்கள் ஆட்டத்துக்காக விலை கொடுத்து வாங்கினார்கள், விவசாயி வேறு வழியில்லாமல் வாங்கினார். இரண்டு பேருக்கும் கையில் கிடைத்த ஒழுக்கம் ஒன்றே. கூடவே இதையும் சொல்லிவிட வேண்டும்: ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகள் பறக்கும் ஸ்கீட்டுக்கு ஒற்றைக்குழலோடு போவது வீம்பு. அங்கே அதற்கு வேலை இல்லை.

அடுத்த ஆட்சேபணை கனமானது, அறம் சார்ந்தது. முதல் தோட்டாவில் பறவை காயத்தோடு தப்பினால் என்ன செய்வது? இரண்டாவது தோட்டா அதன் வேதனையை உடனே முடிக்கும், அது இல்லாதவன் கொடுமைக்குத் துணைபோகிறான் என்கிறார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் காயத்தோடு தப்புவதற்கு முதன்மைக் காரணம் தூரம். குழலின் வாயை ஃபுல் சோக் என்னும் அளவுக்கு நன்றாக ஒடுக்கியிருந்தால்கூட, 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழுவது நூற்றுக்கு எழுபது ரவைகள்தான். அதைத் தாண்டினால் ரவைகளுக்கு இடையே பறவை புகுந்து போகும் அளவுக்கு ஓட்டைகள் விழும், ரவையின் வேகமும் தளரும். காயப்படுத்தும் வெடிகள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு வெளியே சுட்டவைதான். பம்பில் வருகிற இரண்டாவது, மூன்றாவது வெடிகள் பெரும்பாலும் முதலாவதைவிடத் தூரத்தில் இருக்கும் இலக்கின்மேல் போகின்றன என்பதைச் சேர்த்து யோசிக்க வேண்டும். முடித்து வைக்கும் அளவுக்கே காயத்தைத் தொடங்கி வைக்கவும் அவை வல்லவை. ஒற்றைக்குழல்காரர் 30 கெஜத்துக்குள் என்று தனக்கே கோடு போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி எழாது. எஞ்சிய பகுதி எழத்தான் செய்யும். தண்ணீர்மேல் விழுந்து நீந்தத் தொடங்கும் காயப்பட்ட வாத்துக்கு முன்னால், திறந்து, மாற்றி, மூடும் நாலைந்து விநாடி நீளமானது. அதனால் வாத்து வேட்டைக்கு இரட்டைக்குழலே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். அசையாமல் நிற்கும் காட்டு வான்கோழிக்கு, முயலுக்கு, அணிலுக்கு ஒற்றைக்குழலில் குறையொன்றும் இல்லை. வாத்து விஷயத்தில் இன்னொரு தடையும் உண்டு. 1991-லிருந்து அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டிருக்கிறது. மாற்றாக வந்த எஃகு ரவை கடினமானது, பழைய ஒடுங்கிய குழல்களின் வாயை அது புடைக்க வைத்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஏற்றது என்ற புகழுரையை நான் ஏற்பதில்லை. இது ஒற்றைக்குழலின் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. ஒரே தோட்டாவைச் சுட்டால் மூன்று கிலோத் துப்பாக்கி நாலு கிலோத் துப்பாக்கியைவிட வலுவாக உதைக்கும், இது பள்ளிக்கூட இயற்பியல். லேசான 12 போர் ஒற்றைக்குழலில் கனமான வேட்டைத் தோட்டாவைப் போட்டுச் சிறுவன் கையில் கொடுத்தால் அவன் முதலில் கற்றுக்கொள்வது கண்ணை மூடிக்கொள்வதைத்தான். சரி, சிறியதாகக் கொடுப்போம் என்று .410 குழலைக் கொடுப்பார்கள். அதன் இரண்டரை அங்குலத் தோட்டாவில் இருப்பது 14 கிராம் ரவை, அதாவது பெரியதன் பாதிகூட இல்லை. பறக்கும் இலக்கை அதைக்கொண்டு அடிக்கத் தேர்ந்த கை வேண்டும். உதை இல்லாத துப்பாக்கி கிடைத்தது, ஆனால் தோல்வி உறுதியானது. கற்பவருக்கு வேண்டியது கொஞ்சம் எடையுள்ள 20 போர், அதில் லேசான தோட்டா, அடிக்கட்டையில் ரப்பர் மெத்தை, ஆள் அளவுக்கு வெட்டிய கட்டை. அது ஒற்றைக்குழலாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

பாதுகாப்பைப் பற்றியும் இதேபோல இரண்டு பக்கமும் பேச வேண்டும். மடித்துத் திறந்த ஒற்றைக்குழல் பொய் சொல்லாது. பத்தடி தள்ளி நிற்பவருக்கும் அது காலியா, நிறைந்ததா என்று தெரியும். வேலியைத் தாண்டும்போது, ஓடையைக் கடக்கும்போது, பேச நிற்கும்போது திறந்து முழங்கையில் தொங்கவிடலாம். தோட்டாவை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் மற்ற வகைகளில் இந்த வெளிப்படை கிடையாது. ஆனால் பழைய வகைகளில் சிலவற்றில், குதிரை இறங்கியிருக்கும்போது ஊசியின்மேல் நேராகவே படிந்திருக்கும். தோட்டா உள்ளிருக்கையில் துப்பாக்கி குதிரை தரையில் மோதும்படி விழுந்தால் வெடிக்கும். ஏற்றிய குதிரையைச் சுடாமல் மெல்ல இறக்கும் வேலையிலும், குளிரில் விறைத்த கட்டைவிரல் வழுக்கும். ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் போன்றவர்கள் பின்னாளில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற சிறு எஃகுத் துண்டைச் சேர்த்தார்கள். விசையை இழுத்துப் பிடித்திருந்தால் மட்டுமே அது குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே வந்து அடியைக் கடத்தும், இல்லாவிட்டால் குதிரை ஊசியைத் தொடவே முடியாது. அந்தத் துண்டு இல்லாத பழைய துப்பாக்கியோடு நடக்கிறவர், சுடப்போகும் கணம்வரை அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகும், துப்பாக்கியால் இத்தனை பேர் சாகும் நாட்டில் அதை ரசிப்பதாவது என்று கேட்கிறவர் இருப்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளிகளிலும் கடைத்தெருவிலும் நடக்கும் கூட்டக்கொலைகளில் கொலையாளிக்குக் கை கொடுப்பது வேகமாகச் சுடும் திறனும் தோட்டா கொள்ளும் அளவும்தான். அந்த இரண்டும் இல்லாத துப்பாக்கியை ஆதரித்துப் பேசுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. அங்கே என் வாதம் செல்லாது, ஒரு தோட்டா என்ற கட்டுப்பாடு அங்கே யாரையும் காப்பாற்றாது. ஆகவே வைத்திருப்பவரின் கடமை வேறு இடத்தில் தொடங்குகிறது: குழலையும் கட்டையையும் பிரித்துத் தனித்தனியே பூட்டுவது, தோட்டாவை வேறொரு பூட்டுக்குள் வைப்பது, வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலத்தில் துப்பாக்கியையே வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிடுவது. பத்து விநாடியில் மூன்றாகப் பிரியும் அமைப்பு இதற்குத் தோதானது. அதைச் செய்ய மனமில்லாதவர் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது என்பேன். துப்பாக்கியோடு ஒரு சமூகம் வாழும் விதம் அமெரிக்காவின் விதம் ஒன்றுதான் என்றும் நினைக்க வேண்டாம். நம் பக்கத்தில் குடகில், கைல்போத் திருவிழாவன்று குடும்பத்துத் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துச் செங்காந்தள் பூச் சூட்டி வணங்குகிறார்கள். அங்குள்ள கொடவ இனத்தவருக்கும், ஜம்மா எனப்படும் பரம்பரை நிலத்தின் உரிமையாளர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே துப்பாக்கி உரிம விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. அவர்கள் அதை வீட்டின் மரியாதையாகக் கருதுவதால் அது பூஜை அறைக்கு அருகில் வருகிறது. அமெரிக்காவில் அதைத் தனிமனித அச்சத்தோடு சேர்த்து விற்பதால் தலையணைக்கு அடியில் போகிறது.

தொழிற்சாலைகளின் கதை சுருக்கமானது. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் 1986-இல் மூடப்பட்டு, கார்ட்னர் என்ற ஊரில் புதுப் பெயரில் மீண்டு, 2000-இல் மார்லின் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் கைக்குப் போய், மார்லினோடு சேர்ந்து ரெமிங்டன் கைக்குப் போனது. 2015-இல் ஒற்றைக்குழல் உற்பத்தி நின்றது. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது ஏலம் போன அந்தப் பெயரை இன்று பழைய ராணுவ எம்-16 சாயலில் செய்த செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களின்மேல் பொறிக்கிறார்கள். பெயருக்கு விலை இருந்தது, அந்தத் துப்பாக்கிக்கு இல்லை என்று விற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். ஹென்ரி நிறுவனம் 2017-இலிருந்து புதிதாக ஒற்றைக்குழல்கள் செய்கிறது. அவை நன்றாகவே இருக்கின்றன, ஆனால் மலிவானவை அல்ல. மலிவாக வேண்டும் என்பவருக்குப் பழையதுதான் வழி.

பழையதை வாங்குகிறவருக்கு ஒரு வார்த்தை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய குழலை ஆட்டிப் பாருங்கள், கீலில் கடகடப்பு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழலை வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே புடைப்போ நசுங்கலோ உண்டா என்று பாருங்கள். காலித் துப்பாக்கியில் இறங்கிய குதிரையைக் கட்டைவிரலால் முன்னுக்கு அழுத்தும்போது ஊசியின் முனை எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். குழலின் மேற்பரப்பில் முறுக்குக் கயிறுபோலக் கோடுகள் ஓடினால் அது கரிமருந்துக் காலத்து முறுக்குக் குழல், இன்றைய தோட்டா அதற்கு ஆகாது. பழைய 16 போர் குழல்கள் சிலவற்றில் தோட்டா அறையின் நீளம் இன்றைய தோட்டாவுக்குப் போதாது, அதை அளக்காமல் நம்ப வேண்டாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நல்ல துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.